திர்ஸா கடிதத்தின் முன்பக்கமும் பின்பக்கமும்

யூட்டாவில் ஒருவருக்குக் கார் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பாலைவெளி தாண்டிக் கைவண்டி இழுத்து வந்த மூதாதை ஒருவராவது இருந்தாக வேண்டும். வெர்லீனுக்கு இருந்தாள், கொள்ளுப்பாட்டி திர்ஸா. அதற்கு ஒரே சான்று, பரண் பெட்டியில் கிடைத்த ஒற்றைத் தாள் கடிதம். ஜூலை இருபத்துநான்காம் தேதி திறக்கவிருக்கும் முன்னோடிகள் நினைவுக் கல்லில் திர்ஸாவின் பெயர் ஏற வேண்டுமென்றால், கடிதம் அசல்தான் என்று ஆவண மெய்ம்மை நிர்ணயக் குழு கையெழுத்திட வேண்டும்.

குழுவில் இரண்டே பேர். ஓய்வுபெற்ற பல் மருத்துவர் லாமார், அந்த முன்னோடிகளின் சபையை யார் குறை சொன்னாலும் ஆதாரத்தோடு மறுப்பவர். அவருடைய மனைவியின் தம்பி டெல்வின் சபையை விட்டு விலகியவன். விலகிய நாள் முதல் அதைத் தவிர வேறெதுவும் பேசாதவன்.

தேவாலயத்துக் கூடைப்பந்துக் கூடத்தில் குழு கூடியது. வெர்லீன் கொண்டுவந்த, சபை விருந்துகளில் தவறாத, கேரட் துருவிப் போட்ட பச்சை ஜெல்லி அசல் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

லாமார் முன்பக்கத்தைப் படித்தார். "'பிரசங்கம் பொழுது சாயும்வரை நீண்டது. காபி இருந்ததால் பிழைத்தேன்.' போலி! காபியைச் சபை விலக்கியிருக்கே, நம்ம ஜனம் குடிக்குமா, சிஸ்டர்?"

"சுத்த அசல், அத்தான்! படிக்கும்போதே வாசனை வருது," என்றான் டெல்வின்.

தாளைத் திருப்பினார்கள். "'ஜெபித்தோம். காலிப் பையில் மறுபடி மாவு இருந்தது.'" லாமார் தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "அசல், மாப்ள. சந்தேகமே இல்ல."

"பையில மாவு தானா முளைக்குமா? போலி!"

"ஒரே தாள்தானே? ஒரே மை, ஒரே கையெழுத்து..." என்றாள் வெர்லீன்.

"அங்கதான் மோசடிக்காரனோட சாமர்த்தியமே இருக்கு!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

தீர்மானம் எழுதப்பட்டது: "மேற்படி தாளின் ஒரு பக்கம் அசல், மறுபக்கம் போலி என இக்குழு ஏகமனதாக முடிவு செய்கிறது. எந்தப் பக்கம் எது என்பது பின்னர் அறிவிக்கப்படும்." பக்கங்களைத் தனித்தனியாக உரித்துவிடலாம் என்று லாமார் யோசனை சொன்னார். "பல்லு மேல இருக்கிற எனாமலையே சுரண்டினவன் நான்!"

ஆயிரம் மைல் நடந்தவளுக்கு ஒரு கல்லில் ஏற இத்தனை பாடா? வெர்லீன் வெடுக்கென்று தாளைப் பிடுங்கினாள். பிடுங்கிய வேகத்தில், காலகாலமாக மடிந்து ஒட்டிக் கிடந்த கீழ்மூலை பிரிந்துகொண்டது. டெல்வின் எட்டிப் பார்த்துப் படித்தான்: "'எங்கள் எருதைத் திருடியவன் ஓடைக்கு அக்கரைக்காரன்.'"

லாமாரும் டெல்வினும் பிறந்து வளர்ந்தது இக்கரையில்.

"அசல்!" என்றார் லாமார்.

"முழுத் தாளும் அசல், அத்தான்! அக்கரைக்காரனுங்க அப்பவே அப்படித்தானா? மாவும் வந்திருக்கும், யார் கண்டா?"

"காபியும் ஏதோ மருந்துக்குக் குடிச்சிருப்பாங்க, மாப்ள."

இருவரும் கையெழுத்திட்டார்கள். வெர்லீன் ஆனந்தக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, மூலையில் மிச்சமிருந்த வரியைப் படித்தாள். 'திருடியவன் பெயர் ஆர்சன் பிக்லர். வசந்தத்தில் அவனையே மணக்கிறேன்.'

ஆர்சன் பிக்லர் வெர்லீனுடைய சொந்தக் கொள்ளுத்தாத்தா. நேர்மைக்கு எடுத்துக்காட்டாக ஊர்ப் பூங்காவில் வெண்கலச் சிலையாக நிற்பவர்.

வெர்லீன் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"மத்ததெல்லாம் அசல்," என்றாள். "இந்த ஒரு வரி மட்டும் போலி."

திர்ஸாவின் பெயர் கல்லில் ஏறியது. வெர்லீனைக் குழுவின் மூன்றாவது நிபுணராக ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள்.