கயிற்றுக்குள் நின்ற சோளம்

டோவா, ஏப்ரல் 19

தலைநகரில் விளைச்சல் கணிக்கும் அலுவலகத்தில் பெரிய மேசைக்குப் பின்னால் அமர்ந்திருக்கும், என் பிள்ளைகளின் தாய்மாமன் மசாவுக்கோ அவர்களுக்கு, தங்கை வீட்டுக்காரன் லெவிசன் கச்சாலே வணக்கத்துடன் எழுதுவது. நீங்கள் நன்றாக எழுந்தீர்கள் என்றால் நாங்களும் நன்றாக எழுந்தோம்.

மச்சான், ஜனவரியில் உங்கள் ஆள் வந்து என் மக்காச்சோள வயலின் நடுவே நாலு குச்சி நட்டு, நீலக் கயிறு கட்டி, "இந்தக் கட்டத்துக்குள்ள ஒரு கதிரக்கூடத் தொடக்கூடாது, அறுப்பன்னைக்கு நானே வந்து எடை போடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பிப்ரவரியில் குதிர் காலி. வழக்கம்போல் பச்சைக் கதிரை ஒடித்து அவித்துத் தின்ன ஆரம்பித்தோம். கிழக்கு வரிசை போயிற்று, மேற்கு வரிசை போயிற்று, மார்ச்சில் வயல் முழுக்க வெறும் தட்டை, நடுவில் உங்கள் கட்டம் மட்டும் புதுமாப்பிள்ளை மாதிரி நின்றது. "அதுல நாப்பது கதிரு இருக்கு, புள்ளைங்க அழுவுதுங்க, உனக்கென்ன கல்லு நெஞ்சா?" என்றாள் உங்கள் தங்கை எனெலெஸ். "உங்கண்ணன் ஆபீசுக் கயிறுடி, அவரு வேலைக்கு உலை வச்சிடாத" என்றேன். சின்னவள் தமந்தானிகூடக் கயிற்றுக்கு வெளியே நின்று பார்ப்பாளே தவிர, கை நீட்ட மாட்டாள். அவளை அவ்வளவு நல்ல பிள்ளையாக வளர்த்த என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

போன வாரத்துக்கு முந்தின வாரம் ஆள் வந்தார், கட்டத்தை அறுத்தார், எடை போட்டார், "பிரமாதம்ணே!" என்றார். "ஐயா, சுத்திப் பாருங்க, மத்ததெல்லாம் எங்க வயித்துக்குள்ள போயிடுச்சு" என்றேன். "அத எழுத இந்தத் தாள்ல இடமில்லையே" என்று நாற்பது கதிரையும் பையில் கட்டிக்கொண்டு போய்விட்டார். ஊரில் கட்டம் விழுந்த மற்ற பதினோரு பேரும் என்னைப் போலவே யோக்கியர்கள். அந்த எடையை நீங்கள் வயல் முழுக்கப் பெருக்கி, மாவட்டம் முழுக்கப் பெருக்கி, நேற்று வானொலியில் உபரி என்றீர்கள். இன்று நிவாரண மாவு லாரி எங்கள் ஊரில் நிற்கவே இல்லை. "உங்களுக்குத்தான் வெளஞ்சு கொட்டுதாமே!" என்று கத்திவிட்டுப் போனான் ஓட்டுநர்.

தேவைக் கணக்கில் தலைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு மாவு என்று போட்டிருக்கிறீர்களாம். அந்த இவ்வளவை ஒரே ஒரு நாள் அனுப்பி வையுங்கள், எப்படி இருக்கும் என்று பிள்ளைகள் பார்க்கட்டும். எண்ணைத் திருத்தி, ஊரைப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள் மச்சான். பயமாக இருக்கிறது. ஆனாலும் போன வருட அறுப்பில் விதைக்கென்று ஒதுக்கி மிச்சமிருக்கும் இருபது கதிர் அடுப்புக்கு மேலே தொங்குகிறது. உங்கள் கயிற்றையே காத்தவன், அதை விடுவேனா? அடுத்த மழைக்கு விதைத்தே தீருவேன்.

உங்கள் வீட்டுப் பானை என்றும் கனமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
லெவிசன்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது எனெலெஸ் களியோடு வந்தாள். விதையை இடித்துவிட்டாள். திட்டத்தான் வாயைத் திறந்தேன், அந்த வாயாலேயே தின்றேன். அடுத்த வருடக் கணிப்பில் என் வயலுக்குப் பூஜ்யம் என்று இப்போதே போட்டுவிடுங்கள். அந்த ஓர் எண்ணாவது சரியாக இருக்கும்.