மூத்த மருமகனின் நைஸ்

கத்தாருக்குப் போய்த் திரும்புகிற எவனும் வெறுங்கையோடு வருவதில்லை. சிலர் தங்கம் கொண்டு வருவார்கள். சிலர் தடித்த போர்வையும் தைலப் போத்தலும் கொண்டு வருவார்கள். நான் கொண்டு வந்தது ஒரேயொரு ஆங்கிலச் சொல்: நைஸ்.

சொல் நமக்குப் புதிதல்ல. கல்முனையில் மா அரைக்கிற மில்லுக்குப் போனால் நைஸாகவா, குருணையாகவா என்று கேட்பார்கள். சாறன் கடைக்காரர் துணியைத் தடவிக் காட்டி நல்ல நைஸ் என்பார். சந்தா கேட்டு வருகிறவர் நைஸாகக் கதைப்பார். கேட்கப்பட்டவர் பின்கதவால் நைஸாக நழுவிவிடுவார். ஆனால் என்னுடைய நைஸ் வேறு சாதி. தோஹாவில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் நின்று நின்று பழகியது. விருந்தாளி பிள்ளையின் படத்தைக் காட்டினால் நைஸ். மழை பெய்தால் நைஸ். மனிதர் என்ன சொன்னார் என்று விளங்காவிட்டால் இன்னும் கொஞ்சம் அழுத்தி, நைஸ். (சம்பளம் கூடவில்லை. ஆனால் யாரும் என்னோடு கோபித்ததும் இல்லை.)

அந்த நாக்கோடுதான் மருதமுனையிலிருந்து நிந்தவூருக்கு மாப்பிள்ளையாகப் போனேன். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் பெண் வீடு மாறமாட்டாள்; மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போவான். புது மாப்பிள்ளைக்கு அங்கே இரண்டே வேலை: சாப்பிடுவது, பாராட்டுவது. முதல் வேலையில் என்னை ஒருவரும் குறை சொல்ல முடியாது.

பாராட்டுவதில் ஒரு முறை இருக்கிறது. எதைப் பார்த்து வாய் திறந்தாலும் முதலில் 'மாஷா அல்லாஹ்' என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அந்தப் பொருளுக்கு நாவூறு, கண்ணூறு எல்லாம் பட்டுவிடும். நான் ஓதாத பிள்ளையில்லை, எனக்கும் தெரியும். ஆனால் நாக்கு அந்தத் தோஹா மேசையிலேயே நின்றுவிட்டது.

மாமி வட்டிலப்பம் கொண்டு வந்த கண்ணாடிக் கோப்பையைப் பார்த்து நைஸ் என்றேன். கழுவும்போது அது இரண்டாகப் பிளந்தது. மச்சான் புதிதாக வாங்கிய மோட்டார் சைக்கிளைச் சுற்றி வந்து நைஸ் என்றேன். அன்று பின்னேரமே பிரதான வீதியில் ஒரு மாடு குறுக்கே பாய்ந்து, முன் விளக்கு போனது. மாமாவின் கறவைப் பசுவுக்கும் ஒரு நைஸ் சொன்னேன். மறுநாள் அது வாளியை உதைத்துவிட்டுப் பால் தர மறுத்தது. மாமா பசுவைக் கொண்டுபோய் வீட்டின் பின்பக்கம், என் கண்ணுக்கு எட்டாத இடத்தில் கட்டினார். எனக்குச் சோறு வைப்பது மட்டும் குறையவில்லை.

இப்படி இருக்கையில்தான் மனைவியின் தங்கை சிபானாவுக்கு அக்கரைப்பற்றில் ஒரு இடம் சரிவந்தது. மாப்பிள்ளையின் தாயார் ஆட்களோடு வந்து, சிபானாவுக்குக் கட்டிய வீட்டைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக ஏற்பாடு. முன்பு வந்த இடமொன்று வீடு முடியவில்லை என்றுதான் கைநழுவிப் போனது. மாமா வயலில் ஒரு துண்டை விற்று இந்த வீட்டை முடித்திருந்தார். சுவர்களில் பெயின்ட் மணம்கூடப் போகவில்லை.

காலையிலேயே என்னைக் காரைதீவுக்குத் தயிர் வாங்க அனுப்பினார்கள். அவசரமில்லை, ஆறுதலாக வரச் சொன்னார்கள். நானும் ஆறுதலாகவே வந்தேன். மாப்பிள்ளை வீட்டாருடைய வேன் என்னைவிட ஆறுதலாக வந்ததால், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கேட்டடியில் இறங்கினோம்.

மூத்த மருமகன் இவர்தானா என்று அந்தத் தாயார் கேட்டுவிட்டார். இனி ஒளிக்க முடியாது. மனைவி தயிர்ச் சட்டியை வாங்கும் சாக்கில் கிட்ட வந்து, "என்னத்தக் காட்டினாலும் மாஷா அல்லாஹ் எண்டு மட்டும் சொல்லுங்க. வேற ஒரு சொல்லும் வேணாம்" என்றாள். கண் கலங்கியிருந்தது.

சொன்னபடி செய்தேன். டைல்ஸ் தரைக்கு மாஷா அல்லாஹ். குசினி அலுமாரிக்கு மாஷா அல்லாஹ். குளியலறைப் பைப்பைத் திறந்து காட்டினார்கள், அதற்கும் சொன்னேன். மார்க்கமுள்ள பிள்ளை என்று தாயார் மாமியிடம் மெச்சினார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். தன் கணவர் ஏன் வரவில்லை என்று தாயார் விளக்கினார். தண்ணீர்த் தாங்கி கழுவ ஏறியவர் சறுக்கி விழுந்து கால் முறிந்து படுத்திருக்கிறாராம்.

"மாஷா அல்லாஹ்" என்றேன்.

தலைக்கு மேல் புது ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. "என்ன தம்பி சொன்னீங்க?" என்றார் தாயார். வேறு ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று தேடினேன். பாழாய்ப்போன என் மண்டையில் அந்த நேரம் மிச்சமிருந்தது ஒரே சொல்தான்.

"நைஸ்" என்றேன்.

மாமா எழும்பி புது வீட்டு முகட்டைப் பார்த்தார். மச்சான் ஓடிப்போய் ஃபேனை நிற்பாட்டினார். உள்ளறையில் சிபானா விம்முவது கேட்டது. அந்தப் பிள்ளையின் வாழ்க்கையை நானே கெடுத்துவிட்டேன்.

மாமிக்கு வேறு வழியில்லை. வந்தவர்களுக்கு முன்னால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கோப்பை, மோட்டார் சைக்கிள், பசு, ஒன்றும் பாக்கியில்லை. என் காது கேட்கவே சொன்னார். தாயார் முதலில் முந்தானையால் வாயைப் பொத்தினார். பிறகு கண்ணைத் துடைத்தார். பிறகு சோபாவில் சாய்ந்து சிரித்தார். மாப்பிள்ளையின் படம் போனில் கைக்குக் கை வந்துகொண்டிருந்தது. என்னிடம் வருவதற்குள் தாயாரே எட்டிப் பறித்து மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

கடைசியில் மாமியின் கையைப் பிடித்துச் சொன்னார்: "இப்படிப்பட்ட மருமகனையே தொரத்தாம சோறு போடுறீங்க. என்ட மகனுக்கு இந்த ஊட்டுல ஒரு கொறயும் வராது. நாளக் குறிங்க."

நாள் குறித்தார்கள், கலியாணமும் நடந்தது. அந்தக் கால் முறிந்தவர் இன்று என்னைவிட வேகமாக நடக்கிறார். சிபானாவின் மாப்பிள்ளை, என் சகலன், புது வேன் வாங்கினால் முதல் ஒரு மாதம் அக்கரைப்பற்றில் தாய் வீட்டில்தான் நிற்பாட்டுவார். பக்கத்து வளவில் யாராவது ஸ்பீக்கரை அளவுக்கு மிஞ்சி அலறவிட்டால், போய் ஒரு நைஸ் சொல்லிவிட்டு வரும்படி என்னைத்தான் அனுப்புவார்கள்.

போன பெருநாளன்று என் மகள் புது உடுப்போடு வந்து ஒரு சுற்றுச் சுற்றி நின்றாள். "எப்பிடி வாப்பா?" என்று கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் பாய்ந்து வந்து இரண்டு கையாலும் என் வாயைப் பொத்தினாள். பேசாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கப் பார்க்க ஆசை தீரவில்லை.

குசினிக்குள்ளிருந்து மாமியின் குரல் வந்தது. "கண்ணயும் சேத்துப் பொத்து மகள். அதுவும் வாப்பாட கண்தான்."