குடை வீட்டுச் சுவரும் அக்காவின் முழங்காலும்

பெஹாலா,
ஆனி மாதம், விடாத மழை.

அத்திம்பேர் ராகவேந்திரன் அவர்களுக்கு அனந்தகிருஷ்ணன் அனேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொள்வது. இங்கே கணுக்காலுக்கு மேலே எல்லோரும் சௌக்கியம். அங்கே அக்காவின் புது முழங்கால்கள் இரண்டும் சௌக்கியமாக இருக்கக் காளிகாட் அம்மனை வேண்டிக்கொள்கிறோம்.

போனில் நீங்கள் இரண்டு கேள்வி கேட்டீர்கள். அக்காவால் மாடி ஏற முடியாது, ஆடியில் வந்தால் உங்கள் கீழ் ரூமில் தண்ணீர் நிற்காமல் இருக்குமா என்பது முதல் கேள்வி. இரண்டாவதைச் சிரித்துக்கொண்டே கேட்டீர்கள்: "அதென்னடா உங்க தொகுதியில அம்பது வருஷமா ஒரே கட்சி, அப்பனுக்கப்புறம் பிள்ளை? உங்க ஊர்க்காரா மூளையை மீன் குழம்புல போட்டுட்டாளா?" இரண்டுக்கும் ஒரே பதில்தான். போனில் என்னை எங்கே பேச விட்டீர்கள்? அதனால்தான் கடிதம்.

எல்லாம் எங்கப்பா போட்ட ஒரு கையெழுத்து. இங்கே தேர்தலுக்கு இரண்டு வருஷம் முன்பே கட்சிக்காரர்கள் சின்னம் வரைய வீட்டு வெளிச்சுவரைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள், ரயிலில் துண்டு போடுகிற மாதிரி. எழுபத்திரண்டில் குடைக் கட்சியார் ஒரு தாளோடு வந்தார்கள். அப்பாவுக்கு வங்காளி பேச வரும், படிக்க வராது. துர்கா பூஜைக் கமிட்டி என்று நினைத்து, தேதி போட்டு, அழகாகக் கையெழுத்தும் போட்டுவிட்டார். மறுநாள் காலையில் சுவர் முழுக்கக் குடை. திருப்பிக் கேட்கக் கூச்சம். "சுவரைக் குடுத்தாச்சு, ஓட்டை வேற எடத்துல போட்டா மரியாதையா இருக்குமோ?" என்று சொல்லி, சாகிறவரை குடைக்கே போட்டார். அவர் போட்டார் என்று நானும் போட்டேன். கொள்கையாவது, கத்திரிக்காயாவது! தபால்காரர் முதல் மீன்காரி வரை எல்லோருக்கும் நாங்கள் குடை வீடு.

இப்போது வாசல் சாக்கடை இடிந்து, ஒரு மழைக்கே கீழ் ரூம் குளமாகிறது. குடைக் கட்சியின் ரஞ்சன்தாவிடம் போனேன் (இங்கே 'தா' என்றால் அண்ணா). எம்.எல்.ஏ.வுக்கு வலதுகை அவர்தான். டீ கொடுத்துச் சொல்கிறார்: "அனந்த்தா, நீங்க நம்ம ஆளு. உங்க ஓட்டு எங்க போயிடப் போவுது? போயிடக்கூடிய ஓட்டு இருக்கிற வீட்டு சாக்கடையைத்தான் முதல்ல பாக்கணும்." சரி, வார்டு மத்தளக் கட்சி கையில் இருக்கிறதே என்று அவர்கள் ஆள் தபனிடம் போனேன். அவன் டீகூடக் கொடுக்கவில்லை. "குடை வீட்டுக்கு மழையில என்ன சார் பயம்?" என்றான். ஆக, நான் வரமாட்டேன் என்று இவன் செய்யமாட்டான், நான் போகமாட்டேன் என்று அவன் செய்யமாட்டான். மத்தளம் அவர்கள் சின்னம், இரண்டு பக்கமும் இடி வாங்குவது நான்!

சட்டசபை லட்சணமும் இதுதான் அத்திம்பேர். எங்கள் எம்.எல்.ஏ. பதினைந்து வருஷமாகச் சபையில் வாயே திறந்ததில்லை. கேட்டால், அவர் அப்பா பிரமாதமாகப் பேசுவாராம்! அப்பன் பேசின பேச்சுக்குப் பிள்ளைக்கு ஓட்டு. எங்கப்பன் போட்ட கையெழுத்துக்கு நான் போடுகிற ஓட்டு. செத்துப்போன இரண்டு பேர் பேசி வைத்துக்கொண்டதற்கு உயிரோடிருக்கிற நாங்கள் தண்ணீரில் நிற்கிறோம். ரொம்பச் சிரிக்காதீர்கள். போன தேர்தலில் நீங்கள் யாருக்குப் போட்டீர்கள்? "எங்காத்துல எப்பவும் அதுக்குத்தான்" என்றீர்களே, வேட்பாளர் பேராவது தெரியுமா உங்களுக்கு? வெட்கம் கெட்ட ஜனங்கள், நீங்களும்தான்.

ஆகவே போன வாரம் ஆள் வைத்துச் சுவருக்கு வெள்ளை அடித்துவிட்டேன். காய்வதற்குள் தபன் சந்தேஷ் மிட்டாய் டப்பாவோடு வந்து நின்றான். "மேஷோமஷாய், இங்க ஒரு மத்தளம் வரைய விடுங்க, சாக்கடையை நான் பாத்துக்கறேன்" என்கிறான். நேற்றுவரை சார், இன்றைக்குச் சித்தப்பா! ராஜலக்ஷ்மி, "போறது, விடுங்கோ, உங்கக்கா வரணும்" என்றாள். விட்டேன். திங்கட்கிழமையே குழாய்கள் வந்து இறங்கின, பாதிப் பள்ளம் வெட்டியும் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை மத்தளம், அதற்கடுத்த வாரம் சாக்கடை முடிந்துவிடும். ஐம்பது வருஷ முட்டாள்தனத்தை ஒரு டப்பா சுண்ணாம்பில் முடித்துவிட்டேன். அக்காவுக்குக் கட்டில் போட்டாச்சு, தைரியமாக டிக்கெட் எடுங்கள்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். லேக் மார்க்கெட்டில் இப்போது நல்ல நரசுஸ் காப்பிப்பொடி கிடைக்கிறது, சுமந்துகொண்டு வரவேண்டாம்.

இப்படிக்கு,
அனந்தகிருஷ்ணன்

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. தபனின் ஆட்கள் சுவரில் மத்தளத்துக்கு வட்டம் போட்டார்கள். நான் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு என்ன ஆயிற்றென்று தெரியவில்லை, மேல்துண்டுகூட இல்லாமல் ஓடிப்போய் பிரஷ்ஷைப் பிடுங்கி, "இது எங்கப்பா குடுத்த சுவருடா!" என்று தெருவே கூடும்படி கத்தியிருக்கிறேன், தமிழில். ராஜலக்ஷ்மிதான் உள்ளே இழுத்துக்கொண்டு வந்தாள். மத்தியானத்துக்குள் குழாய்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பாதி வெட்டின பள்ளத்தின் வழியாக இப்போது எதிர்வீட்டுத் தண்ணீரும் நம் ரூமுக்குத்தான் வருகிறது. ரஞ்சன்தா வந்து கட்டிக்கொண்டு, "எனக்குத் தெரியும், நம்ம வீடு" என்று கண்கலங்கினார். சாக்கடையைப் பற்றிக் கேட்டேன். "நம்மளுதுதானே, மெதுவாப் பாக்கலாம்" என்றார்.

டிக்கெட் எடுக்க வேண்டாம். அக்காவிடம் மழை என்று மட்டும் சொல்லுங்கள். குடையை நானே திரும்ப வரைந்துவிட்டேன். கைப்பிடி கொஞ்சம் கோணல். அப்பா இருந்தால் திட்டியிருப்பார்.