பாலம் ஏறாத டர்போ கார்

வண்டியைப் பற்றி ஒன்றுமே தெரியாதவனால் வண்டிக்கு ஆபத்தில்லை. அரைகுறையாகத் தெரிந்தவன்தான் பானட்டைத் திறப்பான். நான் திறந்தேன்.

அப்போது மட்டாஞ்சேரி பஜாரில் ஓர் அரிசி கோடவுனில் எனக்கு மேற்பார்வை வேலை. பழைய டர்போ டீசல் கார் ஒன்று வாங்கியிருந்தேன். அந்தச் சமயத்தில்தான் கலூரிலிருந்து செல்வி என்ற பெண்ணின் சம்பந்தம் வந்தது. அவளை ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். அதன்பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்கும் சம்மதம். ஆனால் அவளுடைய அப்பா பஸ் டிரைவர். பையன் வண்டி ஓட்டுவதைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன் என்று சொல்லியனுப்பிவிட்டார். (ஜாதகமெல்லாம் அப்புறமாம்!)

சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? நன்றாக இருந்த சைலன்சரைக் கழற்றிவிட்டு முழங்கை தடிமனில் புதுக் குழாய் மாட்டினேன். புகை தாராளமாக வெளியே போனால் டர்போ வேகமாகச் சுழலும், எஞ்சினுக்குள் கூடுதலாகக் காற்றைத் தள்ளும், வண்டி பறக்கும். சாயாக் கடையில் உட்கார்ந்து இதை எல்லோருக்கும் பாடம் நடத்தினேன்.

மறுநாள் காலையில் வண்டி பறக்கவில்லை, நகர்ந்தது. சத்தம் மட்டும் லாரிச் சத்தம். பின்னால் கருகருவென்று புகை.

"குழாய் மாத்தினதுக்கு அப்புறம்தான் இப்படி" என்று மெக்கானிக் ஜோஸ் சேட்டனிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் காருக்குப் பின்னால் குந்தினார். "குழல் வலுதாயிப் போயி, மோனே. பழையதைத் திரிச்சு மாட்டு" என்றார். குழாய் பெரிசாகிவிட்டதாம், பழையதையே திரும்ப மாட்டணுமாம். மாட்டுவேனா? மானப் பிரச்சினை! இன்னொருவரிடம் போனேன். அவரிடமும் குழாய்க் கதையைத்தான் சொன்னேன். அவரும் பின்னால் குந்தினார். டர்போ போச்சு என்றார். மூன்றாமவர் டீசல் ஃபில்டரை மாற்றினார். ஒன்றும் நடக்கவில்லை. எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. செல்வியின் அப்பாவும் அம்மாவும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். சாயா குடித்து முடித்ததும் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "எங்கள வீட்ல கொண்டு விடுறியா தம்பி?"

தோப்பும்படிப் பாலம் வரை எப்படியோ சமாளித்தேன். ஏற்றத்தில் இரண்டாம் கியர் போட்டேன், முக்கியது. முதல் கியர் போட்டேன், முனகியது. ஆட்டோக்கள் தாண்டின, போகட்டும். மீன் கூடை கட்டிய சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்துவந்த ஒரு சேட்டன் எங்களைத் தாண்டினார். தாண்டியவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "தள்ளணோ?" என்றார்.

"ஓரமா நிறுத்து தம்பி" என்றார் செல்வியின் அப்பா. செத்தேன் என்று நினைத்தேன்.

அவர் இறங்கிப் பானட்டைத் திறந்தார். நான் விடாமல் குழாய், புகை, டர்போ என்று விளக்கிக்கொண்டிருந்தேன். "கொஞ்சம் வாய மூடு" என்றவர், காற்று உள்ளே போகும் வழியில் விரலை விட்டு இழுத்தார். சுருட்டிய சாக்குத் துணி வந்தது. வந்துகொண்டே இருந்தது. அதில் எங்கள் கோடவுன் முத்திரை பளிச்சென்று இருந்தது.

எங்கள் கோடவுனில் சாயங்காலம் பூட்டும்போது எந்தப் பொந்து கண்ணில் பட்டாலும் சாக்குத் துண்டைத் திணித்துவிடுவோம். இல்லாவிட்டால் பெருச்சாளி அரிசியைத் தின்றுவிடும். குழாய் மாட்டிய அன்று காரை அங்கேதான் விட்டேன். பானட்டைத் திறந்து அழகு பார்த்துக்கொண்டிருந்தபோது, பாழாய்ப்போன கை தன் வேலையைச் செய்துவிட்டிருக்கிறது! சத்தியமாக எனக்கு நினைவே இல்லை.

"பெருச்சாளி வரும்னு..." என்று இழுத்தேன்.

"வந்துச்சா?"

"இல்லீங்க."

சாக்குத் துணியை என் கையில் திணித்தார். ஸ்டீயரிங்கில் அவரே உட்கார்ந்தார். வண்டி ஒரே மூச்சில் பாலம் ஏறியது. கலூர் வரை பின்சீட்டில் செல்வியின் அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு குலுங்கினார். கல்யாணம் அவ்வளவுதான் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வீட்டு வாசலில் சாவியைத் திருப்பித் தந்தார். "பொந்தக் கண்டா அடைக்கிற ஆளு, குடும்பத்த நல்லாப் பாத்துக்குவ. ஆனா எம் பொண்ணு ஏறுற வண்டிய மொதல்ல நான் பாப்பேன்."

சொன்னதைச் செய்தார். எங்கள் கல்யாண ஆல்பத்தில் முதல் படம் தாலி கட்டுவதல்ல. பட்டு வேட்டி கட்டிய மாமனார், பூ ஜோடித்த காரின் பானட்டுக்குள் தோள்வரை கையை விட்டிருக்கிறார். பக்கத்தில் மாலையும் கழுத்துமாக நான் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். வீட்டுக்கு யார் வந்தாலும் செல்வி அந்த ஒரு பக்கத்தைத்தான் திறந்து காட்டுகிறாள்.