ஐந்தாம் நம்பர் ஒல்லி

யார் வீட்டுக்கு வந்தாலும் "என்ன, இப்படி இளைச்சுட்டீங்க?" என்று கேட்காவிட்டால் எனக்குத் தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டது போல இருக்கும். வந்தவர் பக்கவாட்டில் திரும்பித்தான் வாசலில் நுழைகிறார் என்றாலும் கேட்பேன். இந்த வியாதியை நான் ஸ்பானிஷ் மொழியிலும் பரப்பினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

என் மகள் தாரிணிக்கு ஒரகடத்தில், ஸ்பெயின்காரர்கள் நடத்தும் ஒரு கம்பெனியில் வேலை. ஆறு மாதப் பயிற்சிக்கு ஸ்பெயினுக்கு ஒரே ஒருவரை அனுப்புவதாக இருந்தார்கள். பெயரை ஸ்பெயின்கார மேனேஜர் ஒரு திங்கட்கிழமை சொல்வதாக ஏற்பாடு. அதற்காகவே ஒரு வருஷமாக அந்த மொழியைப் படித்தாள். குன்றத்தூரில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவு முழுக்க வார்த்தைச் சீட்டுகள். ஒரு சீட்டில் 'ஒல்லி'க்கு மட்டும் ஐந்து வார்த்தைகள், நம்பர் போட்டு. ஒன்று, எஸ்பெல்த்தோ: கொடி மாதிரி அழகான ஒல்லி. இரண்டு, தெல்காதோ: சாதாரண ஒல்லி. மூன்று, ஃபிளாக்கோ: ஒல்லிக்குச்சி. நான்கு, எஸ்கெலேத்திக்கோ: எலும்புக்கூடு. ஐந்து, தெமக்ராதோ: நோயில் கன்னம் ஒட்டி, கண் உள்ளே போன ஒல்லி. (மாவு பிசைகிற நேரத்தில் நானும் மனப்பாடம் செய்திருந்தேன். யாராவது கேட்டார்களா? இல்லை.)

அந்த மேனேஜர் முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். பொங்கலுக்கு வந்தபோது தொப்பையோடு இருந்தவர், இப்போது பாதி ஆள். என் வாய் சும்மா இருக்குமா? அவர் தாய்மொழியில் சொன்னால்தானே பாசம் போய்ச் சேரும்? ஒன்றாம் நம்பர் ரொம்ப லேசு, தூரத்து உறவுக்குச் சொல்வது. மகளின் பயணமே இவர் கையில் இருக்கும்போது பாசத்தில் கஞ்சத்தனம் கூடாது. ஐந்தாம் நம்பரை எடுத்தேன்.

"சென்யோர், தெமக்ராதோ! மூய் தெமக்ராதோ!" (மூய் என்றால் 'ரொம்ப'.) புரியாமல் போய்விடப் போகிறதே என்று கன்னத்தை உள்ளே இழுத்தும் காட்டினேன்.

அவர் கை தானாகத் தன் கன்னத்தைத் தடவியது. முகம் வெளுத்தது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து, நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். நான் வறுத்த வஞ்சிரம் தட்டில் அப்படியே கிடந்தது.

"அம்மா! மூணு மாசமா தினம் காலைல ஓடி ஓடி இளைச்சிருக்காரும்மா. ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிக்கினு கீறாரு. ஐசியூல படுத்திருக்கிறவருக்குச் சொல்ற வார்த்தைய சொல்லிட்டியே!"

"பாசமாத்தாண்டி சொன்னேன்."

"உன் பாசத்துக்கு ஒன்னாம் நம்பர் பத்தாதா?"

இன்னொரு கம்பெனியின் அசெம்பிளி லைனில் இருபது வருஷம் நின்ற என் கணவர், அந்த வஞ்சிரத் துண்டைத் தன் தட்டுக்கு மாற்றிக்கொண்டே கேட்டார்: "இன்னாமே, பொண்ண ஸ்பெயினுக்கு அனுப்பச் சொன்னா, மேனேஜர ஆஸ்பத்திரிக்கு அனுப்புற?"

அவர் வாய் முகூர்த்தம், திங்கட்கிழமை மேனேஜர் கம்பெனிக்கு வரவில்லை. முழு உடல் பரிசோதனைக்குப் போய்விட்டாராம். பெயரும் அறிவிக்கப்படவில்லை. தாரிணி தன் சோற்றைத் தானே போட்டுக்கொண்டாள். நான் எங்கள் ஊர் மலைக்கோயிலுக்கு ஏறிப் போய், அவருடைய ரத்தம், சர்க்கரை, ஈரல் எல்லாவற்றுக்கும் முருகனிடம் தனித்தனியாக வேண்டிக்கொண்டேன்.

புதன்கிழமை வந்தார். உடம்பில் ஒரு குறையும் இல்லை. கதையைக் கேட்ட டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தாராம். தன் அம்மாவும் வாராவாரம் 'இளைச்சுட்டே' என்றுதான் சொல்வதாகவும், இந்த ஊரில் அதற்கு 'இன்னும் இரண்டு தோசை போடட்டுமா' என்றுதான் பொருள் என்றும் விளக்கினாராம். மேனேஜர் தாரிணியின் பெயரை அறிவித்துவிட்டு, அந்த மீன் இன்னும் இருக்கிறதா என்று விசாரித்தாராம்.

மகள் இப்போது ஸ்பெயினில். வீடியோ காலில் நான் வாயைத் திறப்பதற்குள் "நம்பர் மட்டும் சொல்லும்மா" என்பாள். பின்னாலிருந்து அவள் அப்பா, "ஒன்னுக்கு மேல போவாதமே!" என்பார்.

"ஒன்னுதான்டி" என்று சிரிப்பேன். அவள் கழுத்தெலும்பு தெரியும். போனை வைத்ததும் ஃபிரிட்ஜ் முன்னால் போய் நின்று, ஐந்தாவது வார்த்தையை யாருக்கும் கேட்காமல் ஒருமுறை சொல்லிக்கொள்வேன். அதற்குப் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும்.