றைட் அண்ணன் மறித்த பஸ்

உலகத்தில் எந்த வண்டியும் தன்னைக் கேட்காமல் கிளம்பக்கூடாது என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் றைட் அண்ணன்தான். இலங்கையில், மாத்தளையிலிருந்து லக்கலைக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டராக இருந்துவிட்டு ரோம் நகரத்துக்கு வேலைக்கு வந்தவர். நானும் மாத்தளைக்காரன் என்பதால் ஒரே அறையில் குடியிருந்தோம். அவர் வேலையை விட்டாரே தவிர, வேலை அவரை விடவில்லை. லிஃப்டில் ஏறினாலும், பஸ்ஸைக் கிளப்புவதுபோலக் கதவில் இரண்டு தட்டுத் தட்டி "றைட்!" சொல்லியாக வேண்டும்.

தங்கச்சி கல்யாணத்துக்காக நான் ஊருக்குக் கிளம்பிய நாள் அது. ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவியே காலம் போய்விட்டதால், ரோமில் இருந்தும் ரோமைப் பார்த்ததில்லை. பெட்டியை ஸ்டேஷனில் வைத்துவிட்டு, போனில் வரைபடத்தைப் பார்த்து நடந்தே சுற்றிவிட்டு, சாயங்காலம் ஸ்டேஷன் வாசலில் ஏர்போர்ட் பஸ்ஸைப் பிடிப்பதாகத் திட்டம். அதை விட்டால் விமானமும் போச்சு, கல்யாணமும் போச்சு.

"நானும் வாரேன் தம்பி. தனியா போனா வழி மாறிருவ" என்றார் அண்ணன்.

கொலோசிய வாசலில் கூட்டம் அடைத்துக்கொண்டு நின்றது. பின்னாலிருந்து அண்ணன் ஒரு சத்தம் போட்டார். "முன்னுக்குப் போங்க, முன்னுக்குப் போங்க! உள்ளுக்கு எவ்வளவு எடம் கெடக்கு!" சத்தியமாகச் சொல்கிறேன், அத்தனை வெள்ளைக்காரர்களும் நகர்ந்தார்கள்.

அடுத்தது பெரிய நீரூற்று. எல்லோரும் அதில் காசு எறிவதைப் பார்த்து அண்ணனுக்கு நெஞ்சே அடைத்துவிட்டது. "அடப் பாவிகளா! அம்புட்டும் சில்லற தம்பி! சில்லற இல்லாம நான் எவ்வளவு ஏச்சு வாங்கியிருப்பேன்!"

அங்கேதான், கம்பு ஊன்றிய ஒரு வயசான வெள்ளைக்கார அம்மா செருப்பைச் சரிசெய்யக் குனிந்தார். அவர் வந்த சுற்றுலாக் கூட்டமோ கொடி பிடித்த வழிகாட்டியின் பின்னால் போயே போய்விட்டது. அண்ணன் ஓடிப்போய்க் கொடிக்காரனை மறித்து, "ஒரு ஆள் கொறையுது!" என்று தமிழில் கத்தினார். விளங்கவில்லை என்றதும் சிங்களத்தில் கத்தினார். அந்த அம்மா ஆடி அசைந்து வந்து சேரும்வரை ஒருத்தரையும் நகர விடவில்லை. எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

"யாரோ ஒருத்தருக்காக நான் என் பஸ்ஸ விடணுமா அண்ணே?"

"லக்கலைக்கு அடுத்த பஸ் நாளைக்குத்தான் தம்பி. ஆனை நிக்கிற ரோட்டுல ஒரு ஆள விட்டுட்டு வந்தா எனக்குச் சோறு எறங்காது."

"இது ரோம்! இங்க ஏது ஆனை?"

"நமக்கு இல்ல. அந்த அம்மாவுக்கு இருக்கும்ல?"

இவரோடு யார் பேசுவது! மிச்ச ரோமை ஓட்டமும் நடையுமாகத்தான் பார்த்தேன். ஸ்டேஷனுக்கு வந்தபோது நேரமாகிவிட்டது. "நீ பெட்டிய எடு, பஸ்ஸ நான் பாத்துக்கிறேன்" என்று அண்ணன் பறந்தார்.

பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தால், பஸ் நகர்ந்துகொண்டிருக்கிறது. தங்கச்சியின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. ஐயோ, போச்சே என்று நினைத்த நொடியில் பார்த்தேன், பஸ்ஸுக்கு நேர் முன்னால் கையை விரித்து நிற்கிறார் அண்ணன். "பொறு, பொறு! இன்னும் ஒரு ஆள் வருது!" டிரைவர் ஹாரனை அடித்துத் தள்ளுகிறான், இத்தாலி மொழியில் வாங்கு வாங்கென்று வாங்குகிறான். மனுஷன் அசைய வேண்டுமே!

ஓடி ஏறினேன். அண்ணன் விலகி வந்து பஸ்ஸின் பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. எத்தனையோ பஸ்ஸை அனுப்பிவைத்தவருக்கு என்னை அனுப்பிவைக்க மனசு வரவில்லை.

கதவு மூடுவதற்குள், படியில் நின்று நான்தான் சொன்னேன்: "றைட்."