செத்துப்போன என் மகனைச் சேர்த்துக்கொண்டதற்கு நன்றி

எல் ஹொகோத்தால்,
எல் சால்வடோர்,
ஆகஸ்ட் 1994

மதிப்பிற்குரிய உதவி ஆய்வாளர் மிரியா அல்வரெங்கா அம்மா அவர்களுக்கு,

சோள வியாபாரி எலெயுத்தேரியோ மென்ஹீவார் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு எழுதுவது. நாங்கள் நலம். தாங்களும் தங்கள் தாயாரும் நலமாக இருக்க மாதா கண் பார்க்கட்டும்.

என் மகன் ஓத்தோனியேல் போலீஸ் அகாடமியில் சேர்ந்துவிட்டான். இதற்கு நன்றி சொல்வதற்கு முன்னால் அன்றைக்கு நடந்த கூத்துக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். பயல் மனுப் போட்டதைப் பற்றி எங்களிடம் மூச்சுவிடவில்லை. மனுப் போட்டவன் ஒழுங்கானவனா என்று வீட்டிலும் தெருவிலும் விசாரிக்க நீங்கள் வருவீர்கள் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? உள்நாட்டுப் போரில், பஸ்ஸில் போகிற பையன்களையே இறக்கிப் பட்டாளத்துக்குப் பிடித்துப்போன காலத்தைப் பார்த்தவர்கள் நாங்கள். சீருடை வாசலில் நின்று பையன் பெயரைக் கேட்டால் ஒளித்துத்தான் பழக்கம். அதனால் என் மனைவி திரான்சிட்டோ அவனைச் சோளக் குதிருக்குள் தள்ளி மூடிவிட்டாள், நான் "அவன் சின்ன வயசுலயே செத்துட்டானுங்க" என்று சொல்லிவிட்டேன், அடுத்த வீட்டு சோயிலா யாரும் கேட்காமலே ஜபமாலையோடு ஓடி வந்து, "தங்கமான புள்ள, போன வருஷம்தான் காய்ச்சல்ல போச்சு" என்று ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டாள், அந்த நேரம் பார்த்துக் குதிருக்குள் தும்மல் சத்தம்.

"பரவால்லைங்க, நல்லாத் தும்முறாரு," என்றீர்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எங்கம்மாவும் எங்கண்ணனுங்கள இப்படித்தான் ஒளிச்சு வெச்சாங்க. நாங்க ராணுவம் இல்லீங்க ஐயா. எங்கள ஏவுறதுக்கு ராணுவத்துக்கு அதிகாரம் கெடையாது. போர் முடிஞ்சு புதுசா வந்த சனங்களோட போலீஸ் நாங்க. வேணாம்னு சொல்லுங்க, இப்பவே போயிடறோம்," என்றீர்கள். வேண்டாம் என்றால் போய்விடுகிற சீருடையை நான் அன்றுதான் பார்த்தேன். உங்களோடு வந்த இருவரில் ஒருவர் மலையில் கெரில்லாவாக இருந்தவர், மற்றவர் அவரைத் தேடி அலைந்த பழைய போலீஸ்காரர் என்று நீங்கள் சொன்னதும் திரான்சிட்டோ பலகாரத் தட்டை இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டு அடுப்படிக்கு ஓடிவிட்டாள். அவர்களோ தட்டில் மிஞ்சிய கடைசிப் புபூசா ரொட்டிக்குத்தான் மல்லுக்கட்டினார்கள். "என்னைத் தேடி எவ்ளோ மலை ஏறியிருப்பே, நீயே தின்னுப்பா," என்றார் கெரில்லா.

அன்றைக்கு 'மகன் காலமானார்' என்று நீங்கள் எழுதியிருந்தால் என் பிள்ளையின் எதிர்காலத்தை நானே புதைத்தவனாகியிருப்பேன். 'தகப்பனார் பாசமானவர்' என்று எழுதிக்கொண்டு போனீர்களே, அதைச் சோளம் வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இனி எங்கள் வீட்டில் யாருக்கும் சீருடையைக் கண்டு பயமில்லை.

தாங்கள் நூறாண்டு வாழ்ந்து, போகிற வீட்டிலெல்லாம் சூடான காப்பி கிடைக்க வேண்டிக்கொள்ளும்,
எலெயுத்தேரியோ

பி.கு.: உறையை ஒட்டும்போது கதவு தட்டும் சத்தம். திறந்தால் நீலச் சீருடை. "ஓத்தோனியேல் இருக்கானா?" என்றது. "அப்படி யாரும் இங்க இல்லீங்க" என்று அறைந்து சாத்திவிட்டேன். "அப்பா, நான்தாம்ப்பா! மொத லீவு!" என்றான் வெளியிலிருந்து. திறந்து கட்டிக்கொண்டு அழுதேன். அழுதுகொண்டே, தெருவில் யாரும் பார்ப்பதற்குள் அவனை உள்ளே இழுத்துத் தாழ்போட்டுவிட்டேன்.